ஃப்ளெட்சர்: அம்புக்கு இறகு கட்டியவரின் பெயர் தொட்டிலுக்கு வந்த கதை

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 2011 முதல் 2015 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர் டங்கன் ஃப்ளெட்சர். அதற்கும் முன்னால், 1982-இல் சேப்பாக்கத்தில் விஸ்வநாத் 222 ரன் அடித்த டெஸ்ட்டில் இங்கிலாந்துக்குத் தலைவராக நின்றவர் கீத் ஃப்ளெட்சர். இருவருக்கும் அது குடும்பப்பெயர். இப்போது அதே சொல்லைப் பிறந்த குழந்தைக்கு முதல் பெயராகவே வைக்கிறார்கள். லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் உறவினர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொல்லும்போது, “அது அவங்க அப்பா பேர் இல்லையா?” என்று நம்மைக் கேட்க வைக்கிற பெயர். என்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஃப்ளெட்சர் என்றால் என்ன பொருள்?

அம்பு செய்பவர். பிரெஞ்சு மொழியில் அம்புக்கு ‘ஃப்ளெஷ்’ என்று பெயர். அதைச் செய்கிறவரைப் பழைய பிரெஞ்சில் ‘ஃப்ளெஷியே’ என்றார்கள். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், படை என்று எங்கும் பிரெஞ்சு நுழைந்தது. இந்தச் சொல்லும் கூட வந்தது. அம்புக்கு ஆங்கிலத்தில் சொந்தச் சொல் இருக்க, அதைச் செய்பவருக்கு மட்டும் பிரெஞ்சுச் சொல் நிலைத்துவிட்டது.

போகப்போகப் பொருள் இன்னும் குறுகியது. அம்பின் வாலில் இறகு பொருத்தும் வேலையைத்தான் இன்றைய ஆங்கிலம் இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறது. அந்த இறகுத் தொகுதிக்கே ‘ஃப்ளெட்சிங்’ என்று பெயர்.

இறகு ஒட்டுவதற்கு ஒரு தனித் தொழிலா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இறகில்லாத ஒரு குச்சியை வில்லில் வைத்து விட்டுப் பாருங்கள். பத்தடி போவதற்குள் குறுக்கே திரும்பிக் குட்டிக்கரணம் போடும். வாலில் இருக்கும் இறகு காற்றைப் பிடித்துப் பின்பக்கத்தை இழுத்து வைப்பதால்தான் முனை முன்னால் நிற்கிறது. இறகைச் சற்றே சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்றுகொண்டே போகும். குறி இன்னும் நேராகும்.

வழக்கமாக மூன்று இறகுகள். மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இடச் சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலச் சிறகினது மறுபக்கம் வளையும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும். நாண் பொருந்தும் பள்ளத்துக்குக் குறுக்காக ஒரு இறகு நிற்க வேண்டும், அப்போதுதான் மற்ற இரண்டும் வில்லின் தண்டில் உரசாமல் நழுவும். பசை தடவி, அதன் மேல் மெல்லிய நூலை இறகின் இழைகளுக்கு நடுவே சுற்றிக் கட்டுவார்கள். இழை கலையக் கூடாது, நூல் தளரவும் கூடாது. பூக்கட்டுகிறவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் நுணுக்கம் சட்டென்று பிடிபடும்.

பெரும்பாலும் வாத்து இறகுதான், அதிலும் பெருவாத்து. வசதியுள்ளவர்களின் அம்புகளில் மயிலிறகும் உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் கிரெஸியும் (1346) அஜின்கோர்ட்டும் (1415) இங்கிலாந்து நெடுவில்லால் வென்ற களங்கள். ஒரு கட்டு என்றால் 24 அம்பு. ஆயிரக்கணக்கான வில்லாளிகள் இருக்கும் படைக்கு எத்தனை கட்டு வேண்டும், எத்தனை இறகு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1417-இல் ஐந்தாம் ஹென்றி, நாட்டிலுள்ள பெருவாத்துகளிடமிருந்து ஆளுக்கு ஆறு இறகு பிடுங்கித் தரச் சொல்லி மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணை அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு சட்டம்: ஆஸ்பென் மரத்தில் மரச்செருப்பு செய்யக் கூடாது, அது அம்புத் தண்டுக்கு வேண்டும். செருப்புக்காரர்கள் பாவம்.

அவர்களுக்குச் சங்கம் இருந்ததாமே?

இருந்தது, இன்னும் இருக்கிறது. வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் லண்டனில் 1371-இல் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தார்கள். அம்புக்காரர்களின் சங்கம் இப்போது தர்ம காரியங்களும் விருந்துகளுமாக நடக்கிறது. விவசாயிகள் சங்கத்தோடு ஒரே மண்டபத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது.

குடும்பப்பெயர் ஆனது எப்படி?

ஒரே ஊரில் நான்கு ஜான் இருந்தால் வரி எழுதுகிறவருக்குத் தலைவலி. கொல்லன் ஜான், ஆற்றங்கரை ஜான், வில்லியம் மகன் ஜான், அம்புக்கார ஜான் என்று அடையாளம் போட்டார்கள். முதலில் அது ஆளோடு போய்விடும் பெயர்தான். 1400-ஐ ஒட்டிய காலத்துக்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது பிள்ளை, பேரன் என்று இறங்கும் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. அம்புக்காரரின் பேரன் ரொட்டி சுட்டாலும் அவன் ஃப்ளெட்சர்தான்.

வில்லுக்கும் அம்புக்கும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதை அந்த ஊரின் பழைய தொலைபேசிப் புத்தகமே சொல்லிவிடும். வில் செய்தவர் போயர். நாண் திரித்தவர் ஸ்ட்ரிங்கர். இரும்பு முனை அடித்தவர் ஆரோஸ்மித். இறகு கட்டியவர் ஃப்ளெட்சர். எய்தவர் ஆர்ச்சர். ஒரு போர்த்தளவாடப் பட்டறை முழுவதும் குடும்பப்பெயராக வரிசையில் நிற்கிறது.

அப்படியானால் எல்லா ஃப்ளெட்சர்களும் அம்புக்காரர் வாரிசுகளா?

இல்லை. இங்கேதான் வேடிக்கை. இறைச்சி வெட்டி விற்பவருக்கு ‘ஃப்ளெஷர்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. எழுத்துப் பிழையாலும் காதில் விழுந்த குழப்பத்தாலும் அவர்களில் சிலர் ஃப்ளெட்சர் ஆகிவிட்டார்கள். “வீரம் செறிந்த வில்லாளி மரபு” என்று குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் எழுதுகிறார்களே, அதன் பின்னால் ஒரு கறிக்கடை இருந்தாலும் இருக்கலாம். எனக்கு இரண்டும் சமம்தான்.

ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கேலிக் மொழியில் ‘அம்புக்காரர் மகன்’ என்று பொருள்படும் குலப்பெயர் ஒன்று இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில் ஃப்ளெட்சர் ஆனது. இன்னொருவர் கதை இன்னும் தூரம். சுவிட்சர்லாந்தின் நியோன் ஊரில் 1729-இல் பிறந்தவர் ழான் கியோம் டி லா ஃப்ளெஷேர். இங்கிலாந்துக்கு வந்து ஜான் ஃப்ளெட்சர் ஆனார். மெதடிஸ்ட் என்ற கிறித்தவ இயக்கத்தின் பெரிய இறையியலாளர் அவர். தனக்குப் பிறகு இயக்கத்தை நடத்த அதன் நிறுவனர் ஜான் வெஸ்லி மனத்தில் வைத்திருந்த ஆள். ஆனால் வெஸ்லிக்கு முன்பே, 1785-இல், இறந்துபோனார்.

குடும்பப்பெயரை முதல் பெயராக வைக்கும் பழக்கம் இப்போது வந்ததா?

இல்லை, 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 16-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய வீடுகளில் தாய்வழிக் குடும்பப்பெயரை மகனுக்கு வைத்தார்கள். ஒன்பதே நாள் இங்கிலாந்து ராணியாக இருந்த ஜேன் கிரேயின் கணவர் பெயர் கில்ஃபோர்டு டட்லி. கில்ஃபோர்டு என்பது அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். கல்யாணமானதும் பெண் தன் குடும்பப்பெயரை விட வேண்டியிருந்த ஊரில், அதைப் பிள்ளையின் தலையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன். சொத்தும் உறவும் கூடவே காப்பாற்றப்பட்டன என்பது வேறு விஷயம். சிட்னி, ஹோவர்டு, ஸ்டான்லி, டக்ளஸ் எல்லாம் இப்படி வந்தவைதான். அவற்றைக் கேட்டால் இன்று யாருக்கும் குடும்பப்பெயர் ஞாபகம் வருவதில்லை.

இரண்டாவது வழி பக்தி. லூதர், கால்வின், வெஸ்லி என்று சமயத் தலைவர்களின் குடும்பப்பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். மெதடிஸ்ட் வீடுகளில் ஃப்ளெட்சரும் அப்படி நுழைந்தது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மெதடிஸ்ட் பேராயர் ஒருவர் பெயரே ஜான் ஃப்ளெட்சர் ஹர்ஸ்ட்.

நம்மிடம் இப்படி உண்டா?

கேட்பவர் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்தானா? லிங்கன், கென்னடி, நியூட்டன், எடிசன்: நம் வகுப்பறைகளில் வருகைப் பதிவேட்டில் இருந்த இந்தப் பெயர்கள் அத்தனையும் அங்கே குடும்பப்பெயர்கள். லெனினும் ஸ்டாலினும் புரட்சிக்காரர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர்கள். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் வெஸ்லிகளும் லூதர்களும் ஏராளம்.

ஆக நமக்கு இது புதுப் பழக்கமே அல்ல. நாம் ஒரு மனிதரை நினைத்து வைக்கிறோம். இப்போது ஃப்ளெட்சர் என்று வைக்கும் பெற்றோரில் பலருக்கு நினைவில் எந்த ஃப்ளெட்சரும் இல்லை. ஓசைதான்.

தொழில் பெயரைக் குழந்தைக்கு வைப்பது சங்கடமாக இல்லையா?

இது தமிழர்கள் மட்டும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. நம் ஊரில் ஒருவர் பெயரோடு தொழிலைச் சேர்த்துச் சொன்னால் அடுத்த நொடி காதில் விழுவது சாதி. அதனால்தான் 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இன்றும் நாம் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இங்கிலாந்தில் வர்க்க வேறுபாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஃப்ளெட்சர் என்ற பெயரை வைத்து, “உன் பாட்டன் இறகு கட்டியவன்தானே” என்று யாரும் அங்கே பெண் கொடுக்க மறுப்பதில்லை. பாட்டன் தொழில் பேரனைக் கட்டவில்லை. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் துப்பாக்கி வில்லை ஓரங்கட்டியது. தொழில் போனது, சொல் மட்டும் வெறும் ஓசையாக மிஞ்சியது. பீப்பாய் செய்த கூப்பர், ஓடு வேய்ந்த டைலர், மரம் அறுத்த சாயர் எல்லாம் தொட்டிலுக்கு வந்தது இதே வழியில்தான். இன்னும் தெருவில் கடை இருக்கிற ‘புச்சர்’ என்ற பெயரும் அங்கே குடும்பப்பெயர்தான். இறைச்சிக் கடைக்காரர் என்று பொருள். அதைக் குழந்தைக்கு வைக்க யாரும் முந்துவதாகத் தெரியவில்லை.

அப்படி என்ன ஈர்ப்பு இதில்?

இரண்டே அசை. மெல்லத் தொடங்கி, நடுவில் ‘ச்ச’ என்று கொஞ்சம் உரசி, ‘அர்’ என்று முடிகிறது. ஹன்ட்டர், கார்ட்டர், பார்க்கர் என்று அதே முடிவுள்ள பெயர்கள் அங்கே அலையாக வந்துபோயின. வகுப்புக்கு இரண்டு ஹன்ட்டர்கள் இருக்கும்போது ஃப்ளெட்சர் தனித்து நிற்கும். ஆனாலும் யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் குடும்பப்பெயராக எல்லோருக்கும் தெரியும். கேட்ட மாதிரியும் இருக்க வேண்டும், கேட்காத மாதிரியும் இருக்க வேண்டும். பெயர் தேடும் பெற்றோர் எந்த நாட்டிலும் அலைவது இதற்குத்தானே.

ஹன்ட்டர் என்றால் வேட்டைக்காரர், கேட்டதுமே புரியும். ஃப்ளெட்சரில் ஆயுதம் ஒளிந்திருக்கிறது. சொன்னால்தான் தெரியும், அதுவும் இறகாகத்தான் தெரியும். எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்.

இந்தப் பெயரில் தெரிந்த முகங்கள் யார்?

முதல் பெயராகப் பார்த்தால் ஃப்ளெட்சர் கிறிஸ்டியன். 1764-இல் வடமேற்கு இங்கிலாந்தின் காக்கர்மவுத் அருகே பிறந்தவர். தஹிதித் தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோகப் புறப்பட்ட ‘பவுண்டி’ கப்பலில் 1789 ஏப்ரல் 28 அன்று கலகம் செய்து, கேப்டன் வில்லியம் பிளையை ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டவர். பிளை அந்தப் படகிலேயே தீமோர் வரை போய்ச் சேர்ந்தார். சீமைப்பலா என்றது ஈழத்தில் ஈரப்பலா என்று பொரித்துச் சாப்பிடுவார்களே, அதேதான். கலகக்காரர்கள் பிட்கெய்ர்ன் தீவில் ஒளிந்தார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்னும் அங்கே வாழ்கிறார்கள்.

இசை கேட்பவர்களுக்கு ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் (1897–1952). ஜாஸ் பெரும் இசைக்குழுக்களின் அமைப்பை வடித்தவர்களில் ஒருவர். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மேனின் வெற்றிக்குப் பின்னால் இவருடைய இசைக்கோப்புகள் இருந்தன.

குடும்பப்பெயராக: ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து நாடகம் எழுதிய ஜான் ஃப்ளெட்சர், 1707-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைவதை எதிர்த்த ஆண்ட்ரூ ஃப்ளெட்சர். ஒரு நாட்டின் பாட்டுகளைக் கட்டும் வேலை கையில் இருந்தால், சட்டத்தை யார் எழுதினால் என்ன என்ற கருத்தை எழுதி வைத்தவர் பின்னவர். பாட்டுக்கட்டியே ஆட்சியைப் பிடித்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘ஃப்ளெட்சரைஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டாமே?

உண்டு. நன்றாக மென்று தின்பது என்று பொருள். ஹொரேஸ் ஃப்ளெட்சர் (1849–1919) என்ற அமெரிக்கர் வாயில் போட்ட ஒவ்வொரு கவளமும் கூழாகிக் கரையும்வரை மெல்ல வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாலையும் சூப்பையும்கூட வாயில் வைத்து அசைபோடச் சொன்னார். எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் இதைப் பின்பற்றினார். இன்னொரு எழுத்தாளர் காஃப்காவும் இப்படி மென்றார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவருடைய அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

“நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்று நம் பாட்டிகள் நாலே சொல்லில் முடித்ததற்கு அவர் ஒரு இயக்கமே நடத்தினார். நூறு அவருக்கு வாய்க்கவில்லை. 69 வயதில் போய்ச் சேர்ந்தார்.

பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

வைக்கிறார்கள், குறைவாக. சட்டமோ இலக்கணமோ தடுக்கவில்லை.

அலுவலக மின்னஞ்சலில் ஒரு ஃப்ளெட்சர் வருகிறார். எப்படி விளிப்பது?

முழுப்பெயரைப் பாருங்கள். ‘ஃப்ளெட்சர் வில்சன்’ என்றிருந்தால் அவரை ஃப்ளெட்சர் என்றே அழைக்கலாம். மிஸ்டர் போட வேண்டுமானால் வில்சனுக்கு முன்னால்தான். ‘மிஸ்டர் ஃப்ளெட்சர்’ என்று நாம் மரியாதையாக எழுதினால் அவர் காதில் அது ‘திருவாளர் கண்ணா’ மாதிரி விழும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இது வாழ்நாள் முழுக்க அவர்களுக்குப் பழகிய தொல்லை.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் நாங்கள். வைக்கலாமா?

உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பம். இரண்டு விஷயம் மட்டும் யோசியுங்கள். நம் வழக்கப்படி அப்பா பெயர் பின்னால் வரும். ‘ஃப்ளெட்சர் முருகன்’ என்றால் படிவத்தைப் பார்க்கிறவர் எது முதல் பெயர், எது குடும்பப்பெயர் என்று தலைகீழாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டாவது, அப்பத்தா வாயில் அது ‘பிளச்சர்’ ஆகும். பஞ்சருக்கு அண்ணன் மாதிரி. பொருள்தான் வேண்டுமென்றால் சேரன் செங்குட்டுவனின் அமைச்சர் பெயர் வில்லவன் கோதை. வில்லவன் இன்னும் யாரும் அதிகம் எடுக்காத பெயர்.

தமிழில் எப்படி எழுதுவது?

பத்திரிகைகள் பிளெட்சர், ஃப்ளெட்சர் இரண்டையும் எழுதுகின்றன. உச்சரிப்புக்கு நெருக்கமானது உண்மையில் ஃப்ளெச்சர்தான். அந்த ‘ட்’ ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் போட்டது. பழகிவிட்டதால் நானும் அதையே எழுதியிருக்கிறேன்.

ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் தன் மகனுக்கு என்ன பெயர் வைத்தார்?

வியாழக்கிழமை. விளையாட்டல்ல. 1790 அக்டோபரில் பிட்கெய்ர்னில் பிறந்த முதல் குழந்தைக்கு ‘தர்ஸ்டே அக்டோபர் கிறிஸ்டியன்’ என்று பெயர் வைத்தார். பிறந்த கிழமையும் மாதமும், அவ்வளவுதான். பிறந்த கிழமையைப் பார்த்துப் பெயர் வைத்த நம் கிராமங்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றாது. 1814-இல் அந்தத் தீவுக்கு வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்காரர்கள் அவரை ‘ஃப்ரைடே அக்டோபர்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர் கல்லறையேறியது வியாழனாகவேதான்.